டயருக்கு அடியில் நாலு எலுமிச்சை

மச்சான்,

ஐந்து நாளாகக் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறேன். சவர்க்காரம் போட்டாயிற்று. எலுமிச்சைத் தோலைத் தேய்த்தாயிற்று. என் வீட்டுக்காரிக்குத் தெரியாமல் கக்கூஸ் கழுவும் மருந்தைக்கூட ஒரு மூடி ஊற்றிப் பார்த்தாயிற்று. தோல் உரிந்ததுதான் மிச்சம். தேத்தண்ணிக் குவளையைத் தூக்கினால் நாற்றம் வருகிறது, சோற்றைப் பிசைந்தாலும் வருகிறது. முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில், காய்ந்த இலை வாசனையில் நின்ற மூக்கு இது. அதற்குள் இப்படி ஒன்று வந்து குடியேறிவிட்டது.

உன் லேண்ட்ரோவர் சீட்டுக்கு அடியிலிருந்து வந்த நாற்றம் அது.

இரண்டு வருடமாக அந்த வண்டி என் வீட்டுப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறது. யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி என் தங்கச்சி தனம் மூன்று தடவை சொல்லிவிட்டாள். கணவன் வண்டியைத் தினமும் தாண்டித்தான் அவள் கொழுந்து பறிக்கப் போக வேண்டியிருக்கிறது. சரி, கொடுப்பதற்கு முன் துடைத்தாவது வைப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை வாளியும் துணியுமாகப் போனேன். சீட்டைத் தூக்கி, அதன் கீழே இருக்கும் பெட்டியின் இரும்பு மூடியைத் திறந்து கையை விட்டேன். இரண்டு ஸ்பானர், ஒரு கையுறை, அவற்றுக்கு அடியில் இறுக்கி முடிச்சுப் போட்ட ஒரு ரொட்டிப் பை.

உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிச்சுப் போட்டதே நான்தானே. ஆனாலும் பிரித்தேன். பழைய கட்டுத் துணிகள், மச்சான். பழுப்பும் கறுப்புமாக, பூஞ்சை பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடந்தன. கூடவே உன் இடது கால் காலுறை. காலையில் தின்ற ரொட்டி சானாய் முழுவதையும் அங்கேயே, உன் முன் டயர் மேலேயே கக்கினேன். கக்குகிற அவசரத்தில், தூக்கிப் பிடித்திருந்த மூடியை விட்டுவிட்டேன். அது நேராக என் கட்டைவிரல் மேல் வந்து விழுந்தது. உன் வண்டிக்கு என் மேல் இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது.

அந்தப் பையில் இருப்பது என்ன என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். நீ போய்விட்டாய், மீதி நான். தனம் இத்தனை நாளும் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று உனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் படுத்து எழுந்தும், புருஷன் காலில் மூன்று வாரமாக இருந்த புண்ணைத் தான் பார்க்காமல் விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லி அழுதாள். “என் கண்ணு அவிஞ்சா போச்சு?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கே தொடங்கியது என்று யோசித்தால் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. அதன் பின்னாலேயே குமட்டலும் வந்துவிடுகிறது.

கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டக்காரரிடமிருந்து நீ அந்த வண்டியை இழுத்துக்கொண்டு வந்தாய். தரை இடுக்கு முழுவதும் அழுகிய முட்டைக்கோஸ். மூன்று நாள் கழுவினோம், நாற்றம் பாதிதான் போனது. நீ தோட்டத்து லோரி ஓட்டுபவன். ஓட்டத் தெரிந்தவனுக்குப் பிரித்து மாட்டவும் தெரியும் என்று நம்பினாய். நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவம் வரை படித்தவன். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அதையும் நம்பினாய். இந்த இரண்டு நம்பிக்கைகளைத் தவிர நம் கையில் வேறு சாமான் எதுவும் இருக்கவில்லை.

டீசல் தொட்டியைக் காலி செய்ய ரப்பர்க் குழாயை வாயில் வைத்து உறிஞ்சச் சொன்னது நான். உறிஞ்சியதும் நான்தான். எப்போது நிறுத்த வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. மூன்று நாள் டீசல் ஏப்பம் விட்டேன். “அடுப்புப் பக்கம் வராதீங்க, வீடு பத்திக்கும்” என்று என் வீட்டுக்காரி தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். பிறகு கியர் எண்ணெய். நீ அடியில் படுத்து அடைப்பானைக் கழற்ற, நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டு யோசனை சொன்னேன். சொல்லும்போது வாய் திறந்திருக்கத்தானே வேண்டும்? பழைய கியர் எண்ணெய் எப்படி ருசிக்கும் என்று யாராவது கேட்டால் நான் சொல்லுவேன். அழுகிய முட்டையைத் தகரத்தில் வறுத்ததுபோல இருக்கும்.

உன் கதை மட்டும் என்ன வாழ்ந்தது? கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கைத்துணி இல்லையென்று, கட்டியிருந்த கைலியின் முனையைத் தூக்கிப் பிடித்துத் திருகினாய். தண்ணீர் பீறிட்டது. வயிற்றில் வெந்துபோய், கைலியை வண்டியிலேயே விட்டுவிட்டு, உள்ளே போட்டிருந்த ஓட்டை அரைக்கால் சிலுவாரோடு பொதுக் குழாயை நோக்கி ஓடினாய். அந்த நேரம் பார்த்து, கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் முன்னால் தனம்.

வயிற்றில் பற்பசையைப் பூசிக்கொண்டு நீ உட்கார்ந்திருக்க, அன்றைக்குத்தான் அவள் தீர்ப்புச் சொன்னாள். “ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. இனிமே ஒரு காயம், ஒரு கீறல் பாத்தேன்னா, இந்த வண்டி பழைய இரும்புக்குப் போயிடும். இனிப்புநீரு இருக்கிற ஒடம்புன்னு கிளினிக்ல ஊசி போடுற அந்த மிஸ்ஸி எத்தன தடவ சொன்னாங்க? கால்ல செருப்பு இல்லாம நடக்காதன்னு சொன்னாங்களா இல்லையா?”

“சொன்னாங்க லா,” என்றாய், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அவள் உள்ளே போனதும் என் பக்கம் குனிந்தாய். “மச்சான், இனி அடிபட்டா அடிபட்ட ஆளு வாயத் தெறக்கக்கூடாது. கூட இருந்த ஆளும் தெறக்கக்கூடாது. சரியா?”

சரி என்றேன். கையடித்துக் கொடுத்தேன். எவ்வளவு சுலபமாகக் கொடுத்தேன் என்று நினைத்தால் இப்போது என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

பிரேக் மாற்றிய அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நான்கு சக்கரத்தையும் கழற்றிப் புதுக் கட்டைகளை மாட்டினோம். பிரேக் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தோம். எப்படி என்று கேள்விப்படவில்லை. ஹேண்ட்பிரேக் வாங்கிய நாளிலிருந்தே அலங்காரத்துக்குத்தான். நம் லயத்து வீட்டு வரிசையில் சமதரை என்று ஒரு முழம் கிடையாது. அதனால் டயருக்கு ஒன்றாக நாலு கல் முட்டுக் கொடுத்து, தேயிலைச் சரிவைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தியிருந்தோம். பெண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்புவதற்குள் பூசை போட்டு, வண்டியை ஓட்டிக்கொண்டு போய் கொழுந்து நிறுவை நடக்கிற இடத்தில் நிற்க வேண்டும் என்பது உன் ஆசை.

எலுமிச்சம்பழம் நாலு வைத்தாய். சூடம் கொளுத்தினாய். முன் டயருக்கு அடியில் வைத்த பழம் உருண்டு போனது. அதைச் சரியாக வைக்கக் குனிந்தாய். நான் பின்னால் நின்று யோசித்தேன். படித்தவன் இல்லையா?

“மச்சான், கல்லு இருந்தா வண்டி எப்பிடி பழத்து மேல ஏறும்?”

“ஆமா லா. எடுத்துடு.”

எடுத்தேன். நாலு கல்லையும் ஒவ்வொன்றாக, ஓரமாக அழகாக அடுக்கியும் வைத்தேன். இரண்டு டன் இரும்பைச் சரிவில் பிடித்து நிறுத்த நாலு எலுமிச்சம்பழம் போதும் என்று நினைத்த மனிதன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். பழங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிதுங்கின. வண்டி சத்தமே இல்லாமல் இறங்கி, உன் இடது கால் மேல் ஏறி, பத்தடி போய்த் தேயிலைச் செடிகளுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. நீ சூடத் தட்டைக் கீழே போடாமல் நின்றாய்.

“பழம் நசுங்கிடுச்சு மச்சான். பூச முடிஞ்சிச்சு,” என்றாய்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீயும் சிரித்தாய். முந்தின நாள் மழையில் மண் சேறாக இருந்ததால் எலும்பு தப்பியது. சுண்டுவிரல் ஓரம் மட்டும், ஒரு பத்துக் காசு அகலத்துக்குத் தோல் போயிருந்தது. சேறு, எலுமிச்சைச் சாறு, எண்ணெய் எல்லாம் அதற்குள் இருந்தன.

“வலிக்குதா?”

“வலிக்கவே இல்ல. பாரு,” என்று விரலால் குத்திக் காட்டினாய்.

வலிக்கவில்லை என்றதும் நமக்கு எவ்வளவு சந்தோஷம்! கை துடைக்கிற கந்தலை மண்ணெண்ணெயில் நனைத்து நானே கட்டினேன். இனிப்புநீர் முற்றினால் காலில் உணர்ச்சி செத்துப்போகும், வலிக்காமல் இருப்பதுதான் ஆபத்து என்று பிறகு ஒரு டாக்டர் எங்களிடம் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை நான் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். பெண்கள் வருவதற்குள் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டோம். ஒடிந்த செடிகளைப் பற்றிக் கங்காணி கேட்டதற்குக் காட்டுப்பன்றி என்று சொன்னோம். அவர் பன்றிக்குப் பயந்து ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. அதற்கும் சிரித்தோம்.

அன்றிலிருந்து நீ ரப்பர் பூட்ஸ் போட்டாய். மழைக்காலம், யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குள்ளும் கால் குளிர்கிறது என்று காலுறையோடு படுத்தாய். தினமும் வேலை முடிந்ததும் வண்டிக்குள் ஏறி உட்காருவோம். கம்போங் ராஜா கடையில் வாங்கி வந்த துணியால் நான் கட்டு மாற்றுவேன். பழையதை ரொட்டிப் பைக்குள் போட்டு முடிச்சுப் போடுவேன். முதல் வாரம் ஈரம் மட்டும் இருந்தது. இரண்டாவது வாரம் ஓரம் வெளுத்து, நடுவில் பச்சையாக ஏதோ தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டுதான் கட்டுவேன். “முட்டக்கோஸ் நாத்தம் இன்னும் போகல லா,” என்பாய். “ஆமா மச்சான்,” என்பேன். இரண்டு பேருக்கும் அது முட்டைக்கோஸ் இல்லை என்று தெரியும்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “கிளினிக் போலாமா?” என்று கேட்டேன்.

“போனா தனத்துக்குத் தெரியும். வண்டி போயிடும். இன்னும் ரெண்டு நாளு பாப்போம்.”

“சரி,” என்றேன். கழுதைக்குக்கூட ஒரு தடவைக்கு மேல் உதைக்கத் தெரியும்.

இதுவரை எழுதியதையெல்லாம் ஏதோ சிரிப்பாக எழுதிவிட்டேன். அடுத்ததை எழுத மூன்று தடவை பேனாவை மூடி வைத்துத் திறக்கிறேன். மூன்றாவது வாரம், தனம் எங்கள் வாசலில் வந்து நின்றாள். “அண்ணே, வீட்டுல எங்கயோ எலி செத்துக் கெடக்குது. நாத்தம் தாங்கல. அவருக்கு ஒடம்பு சரியில்லன்னு படுத்திருக்காரு. கொஞ்சம் வந்து தேடிப் பாருங்களேன்.”

நான் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வந்தேன், மச்சான். நீ போர்வைக்குள் காலை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். பிறகு குப்புறப் படுத்து, அலமாரிக்கு அடியில் வெளிச்சம் அடித்து, எலியைத் தேடினேன். அரிசி வாளியை நகர்த்திப் பார்த்தேன். கூரை இடுக்கில் குச்சி விட்டுக் கிளறினேன். தனம் பின்னாலேயே வந்து தரையை மருந்து போட்டுக் கழுவினாள். இரண்டு முழத்துக்கு அப்பால் நாறிக்கொண்டிருந்தது உன் கால். “கெடைக்கல தனம், தானா காஞ்சிடும்,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் வாய்க்குள் போன டீசல், எண்ணெய் எல்லாவற்றையும்விட அருவருப்பானது அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த அந்தப் பேச்சுத்தான்.

அதற்கு மறுநாள் உனக்குக் குளிர்காய்ச்சல். மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். விஷம் அதற்குள் ரத்தத்தில் ஏறியிருந்தது. “இது மூன்று வாரப் புண். வீட்டில் யாருமே கவனிக்கவில்லையா?” என்று டாக்டர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. தனம் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பக்கத்தில் தேத்தண்ணி பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் மூடியைத் திருகினேன், திறந்தேன், மறுபடி திருகினேன். வாயை மட்டும் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் நீ போனாய். நான் கொடுத்த வாக்கு மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். கட்டைவிரலில் ரத்தம் சொட்டச் சொட்ட, என்ன செய்தேன் தெரியுமா? வாளித் துணியைக் கிழித்துச் சுற்றி, கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். பட்டணத்தில் வேலை பார்க்கும் என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள்.

“அப்பா, கையில என்ன?”

“ஒண்ணுமில்லம்மா. வலிக்கவே இல்ல.”

அவள் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். “மாமாவும் இப்பிடித்தானே சொல்லுவாங்க,” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

உன் வீடு நாலு வாசல் தள்ளி. தனம் அடுக்களையில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணே, கையில ரத்தம்?”

“சீட்டு மூடி விழுந்துடுச்சு. தனம், ஒன்னு சொல்லணும்.”

“மொதல்ல கையக் கழுவுங்க.”

“கழுவினா சொல்ல மாட்டேன்.”

சொன்னேன். எலுமிச்சை, கல், கால், கந்தல், பூட்ஸ், ரொட்டிப் பை, கையடித்துக் கொடுத்தது, எல்லாம். “நீ பாக்காம விடல. பாக்கவிடாம நாங்க மறைச்சோம். கட்டுப் போட்டவன் நான்,” என்றேன். அவள் நிமிரவில்லை. நெத்திலித் தலைகள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றையும் சொன்ன நான் ஒன்றை மட்டும் தாண்டி வந்திருந்தேன். அவள் தாண்டவில்லை.

“அப்ப அந்த எலி?”

நான் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியை இறுக்கினேன்.

“டார்ச் லைட்டு எடுத்துட்டு வந்து, குப்புறப் படுத்துத் தேடுனீங்களே, அண்ணே.”

அவள் கத்தியிருக்கலாம். தட்டைத் தூக்கி என் முகத்தில் எறிந்திருக்கலாம். மிச்சமிருந்த நெத்திலியை மூடி வைத்துவிட்டு, “வீட்டுக்குப் போங்க,” என்றாள்.

கட்டுத் துணிகளை எரித்தேன். காலுறையை எரிக்க மனசு வரவில்லை. சுடுதண்ணீரில் போட்டு, அவித்து, கசக்கி, கொடியில் போட்டேன். கையில் ஏறிய நாற்றம் அதுதான். திங்கட்கிழமை தனம் எங்கள் வாசலைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து, கூடையும் மழைச் சட்டையுமாக வந்து வெளியே நின்றாள். கொடியில் கிடந்த காலுறையை எடுத்து மடித்துக் கூடைக்குள் வைத்தாள். பிறகு, “கையக் காட்டுங்க,” என்றாள்.

காட்டினேன். நகம் கறுத்து வீங்கியிருந்தது. “கிளினிக் போங்க,” என்றாள். போனேன். நகத்தில் ஓட்டை போட்டுக் கெட்ட ரத்தத்தை எடுத்தார்கள். எப்படி அடிபட்டது என்று மிஸ்ஸி கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்தே விட்டார். சிரிக்கட்டும்.

புதன்கிழமை என் வீட்டுக்காரி குழாயடியிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். “தனம் அங்க பேசிக்கிட்டு இருந்தா. ‘நான் பாக்காம விடலக்கா, ரெண்டு கழுதைங்களும் சேர்ந்து மறைச்சதுங்க’ன்னு. லயம் முழுக்கக் கேட்டுச்சு. வெக்கமா இல்ல?”

வெட்கமாகத்தான் இருந்தது, மச்சான். ஆனால் அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து “என் கண்ணு அவிஞ்சு போச்சு” வரவில்லை. கழுதைகள் வந்திருக்கின்றன. நீ அங்கேயும் நான் இங்கேயுமாக அந்தப் பட்டத்தைப் பங்கு போட்டுக்கொள்வோம்.

அவள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசுவாளா என்று தெரியாது. ஆனால் தினமும் வந்து நிற்கிறாள். ஐம்பத்தாறு வயதில், நகம் காட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல நானும் வாசலுக்குப் போய்க் கையை நீட்டுகிறேன். அவள் திருப்பிப் பார்க்கிறாள், முகர்ந்துகூடப் பார்க்கிறாள். இன்றைக்கும் வந்தாள். பார்த்து முடித்த பிறகும் போகவில்லை.

“காலையும்,” என்றாள்.

படிக்கட்டில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன். காலுறையையும் கழற்றினேன். தனம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, என் முன்னால் குந்தி, விரல் விரலாக விலக்கிப் பார்த்தாள்.